பின்சீட்டுக் கைப்பிடி

தினமும் ஓட்ட ஒரு கார் வேண்டும். சின்னதாக இருக்க வேண்டும், நாலு கதவு இருக்க வேண்டும், மிதித்தால் பறக்க வேண்டும். எதை வாங்கலாம்? என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னமும் தொலைபேசியில் கூப்பிட்டு என்னிடம் இதைத்தான் கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் எல்லாரும் குதிரைத்திறனைச் சொல்கிறார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட எத்தனை விநாடி என்று சொல்கிறார்கள். வீட்டுக்கும் விரைவுச்சாலைக்கும் நடுவில் எத்தனை வேகத்தடை இருக்கிறது என்று நான் திருப்பிக் கேட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து விரைவுச்சாலையில் ஏறும் இடம்வரை ஏழு வேகத்தடைகள், நாலு போக்குவரத்து விளக்குகள். பலமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவுப்பாதையில் தாழ்ந்த வண்டியின் அடி உரசக்கூடிய இடங்கள் இரண்டு; நடந்துபோய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்தேன். என்னிடம் கார் கிடையாது. எப்போதும் இருந்ததில்லை. இருந்தாலும் எண்ணி வைத்திருக்கிறேன்.

நான் தொழிற்கல்விக்கூடத்தில் மோட்டார் வாகனப் படிப்பு முடித்தவன். முதல் சில ஆண்டுகள் கிரீஸ் படிந்த கையோடு வண்டிக்கு அடியில் கிடந்தேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிறகு அலெக்சாண்ட்ரா சாலைப் பக்கம் இருந்த ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் 'ரோட் டெஸ்டர்' ஆனேன். பழுது பார்த்து முடித்த வண்டியை உரிமையாளரிடம் கொடுக்கும் முன் வெளியே ஓட்டிப் பார்த்து, சரி என்று கையெழுத்துப் போடும் வேலை. ஓய்வு பெறும்வரை அதே வேலைதான். ஒரு நாளைக்கு ஏழெட்டு வண்டிகள் ஓட்டினேன். மொத்தத்தில் எண்பதாயிரத்துக்குக் குறையாது என்பது என் கணக்கு. அவற்றில் ஒன்றைக்கூட வீட்டுக்கு ஓட்டி வந்ததில்லை.

எங்கள் ஃபோர்மேன் பெயர் ஹமீது. கடையநல்லூர்க் குடும்பம், அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் தஞ்சோங் பகாரில். நாங்கள் ஹமீது அண்ணன் என்போம். வெள்ளைச் சட்டையோடு வொர்க்‌ஷாப்புக்கு வருவார், மாலையில் அதே வெள்ளையோடு திரும்பிப் போவார். எப்படி என்று இன்றுவரை தெரியாது. குரலை உயர்த்த மாட்டார். நாம் செய்தது பிடிக்கவில்லை என்றால் நம் பக்கத்தில் வந்து நின்று, நாம் விட்டுவிட்ட அந்த வேலையைத் தானே முதலிலிருந்து செய்வார். அதைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடத் திட்டு வாங்குவது மேல்.

சோதனைக்குப் போகும் வண்டியில் உரிமையாளரின் பொருள் எதுவும் இருக்கக் கூடாது என்பது அவருடைய முதல் விதி. குடை, தண்ணீர்ப் போத்தல், டிஷ்யூ பெட்டி, பிள்ளைகளின் பொம்மை, டிக்கியில் உருளும் கோல்ஃப் பந்து, எல்லாவற்றையும் ஒரு நீலக் கூடையில் எடுத்து வைத்துவிட வேண்டும். "சாமானு சத்தம் போட்டா வண்டி பேசறது காதுல விழாது" என்பார். டாஷ்போர்டில் இருக்கும் சாமிகள் மட்டும் கூடைக்குள் போகக் கூடாது. பிள்ளையார், புத்தர், கருணையின் தேவி குவான் யின், சிலுவை, தஸ்பீஹ் மணி, எதுவானாலும் அவரே கையைக் கழுவிவிட்டு வந்து எடுத்து, தம் மேசைக்கு மேலிருந்த பலகையில் வரிசையாக வைப்பார். சில நாள்களில் அந்தப் பலகையைப் பார்த்தால் இந்த ஊர் முழுவதும் அதில் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

பிறகு டயரின் காற்றை அளப்போம். ரேடியோ கூடாது, ஏர்கான் கூடாது. குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு நீளமான மதில்சுவர் இருந்தது. அதை ஒட்டிக் கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகப் போவோம். வண்டியின் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும்போது, உள்ளே உட்கார்ந்து கேட்டால் தெரியாத குறைகள் தெரியும். அதன் பிறகு பழைய அடுக்குமாடிகளுக்கு நடுவே பதினொரு வேகத்தடைகள் உள்ள ஒரு சுற்று. அதை முடித்து விரைவுச்சாலையில் கொஞ்ச தூரம்.

இத்தனையும் எல்லா வொர்க்‌ஷாப்பிலும் ஏறக்குறைய நடப்பதுதான். ஹமீது அண்ணனிடம் மட்டும் இருந்தது பின்சீட்டுச் சோதனை. முதல் சுற்று நான் ஓட்டிய பிறகு வேறொருவர் ஓட்ட, நான் பின்னால் இடது பக்கம் உட்கார வேண்டும். ஏன் என்று முதல் வாரமே கேட்டேன்.

"வாங்கறவன் முன்னாடி உக்காருவான், மாணிக்கம். வேணாம்னு சொல்றவங்க பின்னாடிதான் உக்காருவாங்க" என்றார்.

சில உரிமையாளர்கள் சோதனை ஓட்டத்துக்குக் குடும்பத்தோடு வருவார்கள். அப்போது நான் ஓட்டுவேன், வீட்டம்மாவோ தாயாரோ பின்னால் இருப்பார்கள். எப்படி இருக்கிறது என்று அவர்களிடம் கேட்கக் கூடாது என்பது அண்ணனின் உத்தரவு. "வாய் மரியாதைக்குப் பேசும். நீ கண்ணாடில கையப் பாரு. கதவுக்கு மேல ஒரு கைப்பிடி இருக்கில்ல, அது எத்தன தடவ மேல போவுதுன்னு எண்ணு. போதும்."

எண்ணச் சொன்னால் எனக்கு வேறென்ன வேண்டும். பெரிய, மெத்தென்ற வண்டியில் பதினொரு தடைகளுக்கு இரண்டு முறை அல்லது மூன்று முறை கை மேலே போகும். நடுத்தரக் குடும்ப வண்டிகளில் ஐந்து. சின்ன வேகக் கார்களில் ஒன்பது, பத்து. ஒரு மூதாட்டி முதல் தடையில் பிடித்த கைப்பிடியை இறங்கும்வரை விடவே இல்லை. அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்று அண்ணனிடம் போய்க் கேட்டேன். பூஜ்யம் மட்டும் நான் பார்த்ததே இல்லை.

இரவுச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் என் மனைவி கமலாவிடம் சொல்வேன். பாலர் பள்ளி ஆசிரியராக இருந்தவள். நாள் முழுக்கப் பிள்ளைகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்பதால் உடனே புரிந்துகொண்டாள். அவள் அதற்கு வைத்த பெயர் மாமியார் பரீட்சை. "இன்னிக்கு மாமியார் எத்தன மார்க்கு போட்டாங்க?" என்று சோற்றைப் பரிமாறிக்கொண்டே கேட்பாள்.

பரீட்சையில் எப்போதும் தோற்கிற அந்தச் சின்ன வேக வண்டிகள்தான் எனக்குப் பிடிக்கும். பெரிய வண்டி நம்மைத் தூக்கிக்கொண்டு போகிறது. சின்ன வேக வண்டியில் நாமே போகிறோம். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உள்ளங்கையில் சாலையில் கிடக்கும் இலைகூடத் தெரியும். சட்டப்படி தொண்ணூறுக்கு மேல் போக முடியாத ஊரில் இது எதற்கு என்பார்கள். தொண்ணூறு வரை எப்படிப் போகிறோம் என்பது இருக்கிறதே.

இனி ரகுநாதன் சாரின் வண்டிக்கு வருகிறேன். ஹமீது அண்ணன் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது.

ரகுநாதன் வங்கி ஒன்றில் அதிகாரி. குவீன்ஸ்டவுனில் வீடு, உட்லண்ட்ஸில் வேலை. தினமும் போய்வர அவர் வாங்கியிருந்தது இரண்டு லிட்டர் எஞ்சினும் டர்போவும் வைத்த ஒரு சின்ன நாலு கதவு வண்டி. கியரைக் கையால் போட வேண்டும். வெள்ளிச் சாம்பல் நிறம். வண்டியைப் பார்த்தால் சாது, சாவியைத் திருப்பினால் தெரியும். அவரோ எப்போது பார்த்தாலும் சாதுதான். எங்கள் மெக்கானிக்குகள் அவர் போன பிறகு, "இந்த மனுசன் எதுக்குலா இந்த வண்டிய வாங்கினாரு?" என்று பேசிக்கொள்வார்கள்.

அவர் சொன்ன குறை இது: புக்கிட் தீமா விரைவுச்சாலையில் ஏற்றம் ஏறும்போது, மூன்றாவது கியரில், எஞ்சின் சுற்று சரியாக மூவாயிரத்தைத் தொடும்போது பின்னாலிருந்து ஒரு முனகல். மூவாயிரத்தைத் தாண்டினால் நின்றுவிடுகிறது. இறங்கி வந்தால் மறுபடியும் அதே இடத்தில்.

இப்படிக் குறிப்பாகச் சொல்லும் உரிமையாளர் கிடைத்தால் எனக்குச் சந்தோஷம். புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர்கள் தளர்ந்திருந்தால் இப்படிச் சத்தம் வரும். மாற்றினோம். நான் அந்த ஏற்றத்துக்கே கொண்டுபோய் ஓட்டினேன். மூவாயிரத்தில் பிடித்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஒன்றிரண்டு மாதத்தில் திரும்பி வந்தார். "இருக்கு தம்பி. ஆனா இப்ப ரெண்டாயிரத்து எண்ணூறுல வருது."

பின்சக்கரத்தின் பேரிங்குகளை மாற்றினோம். ஓட்டினேன். ஒன்றுமில்லை. மறுபடி வந்தார், இப்போது இரண்டாயிரத்து அறுநூறு. டயர்களைக் கழற்றி வேறு டயர் போட்டோம். ஓட்டினேன். பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். ஒன்றுமே இல்லை. வரவேற்பில் இருந்த இளைஞன், "அங்கிள், அவருக்குக் காதுல பிராப்ளம். நம்ம வண்டில இல்ல" என்றான்.

எனக்கு அந்த எண்கள் தலைக்குள் சுற்ற ஆரம்பித்தன. மூவாயிரம், இரண்டாயிரத்து எண்ணூறு, இரண்டாயிரத்து அறுநூறு. தேய்கிற பாகம் சத்தத்தைக் கூட்டும், அல்லது எல்லா வேகத்திலும் பரப்பும். இப்படிப் படிப்படியாக, ஒழுங்காகக் கீழே இறங்கும் குறை ஒன்றை நான் அதுவரை கண்டதில்லை. ரகுநாதன் அப்போது சொல்லிவிட்டார்: இந்தத் தடவையும் தீரவில்லை என்றால் வண்டியை விற்றுவிடப் போகிறார். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்த்தேன். விற்க விரும்பாதவர் சொல்கிற மாதிரி இருந்தது.

ஹமீது அண்ணனிடம் போனேன். கோப்பிக்கடையில் பால் விடாத தே ஓ குடித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"சாமானெல்லாம் எடுத்துட்டுத்தானே ஓட்டினே?"

"நம்ம ரூல்தானேண்ணே. ஆனா அவர் வண்டில எடுக்கறதுக்கே ஒண்ணும் இருக்காது. துடைச்சு வெச்ச மாதிரி கொண்டாந்து விடுவாரு."

"நாலு மாசமா தெனம் ஓட்டறவர் வண்டில ஒரு டிஷ்யூகூட இல்லையா?"

நான் யோசித்துப் பார்த்தேன். இல்லைதான்.

"அப்ப அவர் வண்டிய நீ இன்னும் ஓட்டவே இல்ல மாணிக்கம்" என்றார். "காலி வண்டியத்தான் ஓட்டியிருக்கே. போய் அவர் பின்னாடி உக்காரு. எதையும் எடுக்காத."

தம் முதல் விதியைத் தாமே தள்ளிவைத்து அவர் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

ரகுநாதனிடம் கேட்டபோது தயங்கினார். வழக்கமாக எப்படிப் போவாரோ அப்படியே காலையில் வேலைக்குப் போகட்டும், நான் பின்னால் ஏறிக்கொள்கிறேன் என்றேன். சரி, ஆனால் புளோக்குக்குக் கீழே வர வேண்டாம், பெரிய சாலையிலுள்ள பேருந்து நிறுத்தத்தில் நில்லுங்கள் என்றார். காரணம் கேட்கவில்லை.

வண்டி வந்து நின்றது. பின்கதவைத் திறந்தால் உட்கார இடமில்லை. இருக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு நீண்ட பொருள், கறுப்புத் துணி உறையில். அதன் மேல் பூப்போட்ட சின்னப் போர்வை. ஒரு பக்கம் குடம் போலப் பருத்திருந்தது.

"வீணையா சார்?"

"ம்."

"யாரு வாசிக்கறா?"

"இப்ப யாருமில்ல. கொஞ்சம் தள்ளி மடில வெச்சுக்கிட்டு உக்காருங்க தம்பி. குடத்தப் பாத்து."

அதன் கழுத்துப் பகுதி என் மடியில் கிடந்தது. விரைவுச்சாலையில் ஏறினோம். அவர் நன்றாக ஓட்டினார். அதை நான் எதிர்பார்க்கவில்லை. கியர் மாற்றும்போது வண்டி குலுங்கவே இல்லை. ஏற்றம் வந்தது. மூன்றாவதுக்கு இறக்கினார். அந்த எஞ்சின் மூச்சை இழுத்துக்கொண்டு மேலே வந்தது. அவர் தோளுக்கு மேலாக முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாயிரத்து நானூறு. இரண்டாயிரத்து ஐந்நூறு.

அப்போது என் தொடை எலும்பில் அது தொடங்கியது. காதில் விழுவதற்கு முன் உடம்பில் தெரிந்தது. உறைக்குள் தந்திகள் தாமாகவே அதிர்ந்து, தாழ்ந்த, நீண்ட ஒரு குரல். எஞ்சின் எந்தச் சுருதியில் ஓடியதோ அதே சுருதியில் அதுவும் பாடியது. முள் இரண்டாயிரத்து அறுநூறைத் தாண்டியதும் நின்றது. அவர் காலைத் தளர்த்தினார், மறுபடி வந்தது. நான் உறையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தந்திகளை அழுத்தினேன். நின்றது. எடுத்தேன். பாடியது. இன்னொரு முறை அழுத்திப் பார்த்தேன். கண்ணாடியில் அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டாய் பக்கம் ஒரு பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார். எஞ்சினை அணைத்துவிட்டுப் பின்பக்கம் திரும்பினார்.

"இதுதானா?" என்றார்.

"இதுதான் சார். வண்டி நல்லா இருக்கு."

"பேங்க்ல ஸ்டோர் ரூம்ல எறக்கி வெச்சுட்டுத்தான் ஒவ்வொரு தடவயும் உங்ககிட்ட வருவேன். வொர்க்‌ஷாப்ல யாராவது கைய வெச்சுட்டா? எனக்குத் தோணவே இல்ல தம்பி."

"வீட்டுல வெச்சுட்டீங்கன்னா சத்தம் நின்னுடும்."

அவர் சிரித்தார். "வீட்டுலயா? வீட்டுல இது இல்ல. சிராங்கூன் ரோட்டுல ஒரு பாட்டு கிளாஸுக்குக் குடுத்துட்டேன்னு சொல்லியிருக்கேன்."

மகளின் வீணை அது. மகள் படிக்க மெல்பர்ன் போய்விட்டாள். போகும் முன்னாலேயே வாசிப்பதை நிறுத்திவிட்டாளாம். வீட்டில் இடமில்லை, சும்மா கிடக்கிற பொருளை யாருக்காவது கொடுங்கள் என்று மனைவி சொல்ல, கொடுக்கப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டு இறங்கியவர், கொடுக்காமலே வேலைக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அது பின்சீட்டில்தான். இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததும் மகள்தான் என்றார். சோதனை ஓட்டத்தின்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அப்பா, இதான்ப்பா, யோசிக்காம வாங்குப்பா" என்று சிரித்தாளாம்.

"மேடம் வண்டில ஏறினா பாத்துடுவாங்களே சார்?"

"அவ ஒரே தடவதான் ஏறினா. எறங்கும்போது இடுப்பப் பிடிச்சுக்கிட்டு, நீங்க போங்க, நான் பஸ்ல வரேன்னுட்டா. அதுக்கப்புறம் ஏறல."

நான் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சுற்று ஏன் இறங்கிக்கொண்டே வருகிறது என்பதை. யாரும் சுருதி சேர்க்காததால் தந்திகள் தளர்கின்றன, குரல் தாழ்கிறது, எஞ்சினும் தாழ்ந்து வந்தால்தான் இரண்டும் சேர்கின்றன என்றேன். அவர் முன்கண்ணாடி வழியாக எதையோ பார்த்தார்.

"அப்ப இப்படியே போனா?"

"இன்னும் எறங்கும் சார். அப்புறம் சத்தம் வராது."

அந்தச் சனிக்கிழமை இருவரும் லிட்டில் இந்தியாவில் இசைக்கருவி பழுது பார்க்கும் ஒரு கடைக்குப் போனோம். என்னை ஏன் கூப்பிட்டார் என்று தெரியவில்லை. நானும் ஏன் என்று கேட்காமல் போனேன். கடைக்காரர் தந்திகளை மாற்றி, முடுக்கி, சுண்டிப் பார்த்துக் கொடுத்தார். வாரத் தொடக்கத்தில் வொர்க்‌ஷாப்புக்குத் தொலைபேசி வந்தது.

"தம்பி, மறுபடியும் மூவாயிரத்துக்கே வந்துட்டுது" என்றார் ரகுநாதன். குரலில் அத்தனை நிம்மதி.

ஹமீது அண்ணனிடம் சொன்னேன். அவர் நீண்ட நேரம் சிரித்தார். பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "குறை இல்லைன்னு எழுதிடு" என்றார்.

அந்த ஏற்றத்தில், அந்தப் பின்சீட்டில் கழிந்த சிறிது நேரம்தான் என் வேலைக்காலம் முழுவதிலும் எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது. அப்படி ஒரு வண்டி, சின்னது, கையால் கியர் போடுவது, என்னுடையதாக, நான் வீட்டுக்கு ஓட்டி வருவது. ஆசை அன்றைக்கே வந்துவிட்டது. பிள்ளைகள் படிப்பு, வீடு, அம்மாவின் மருத்துவம் என்று அது தள்ளிக்கொண்டே போயிற்று. இந்த ஊரில் கார் வாங்குவதென்றால் காரை மட்டும் வாங்க முடியாது. சிஓஇ என்னும் வாகன உரிமைச் சான்றிதழையும் வாங்க வேண்டும், அதுவும் பத்து ஆண்டுக்குத்தான். கமலா ஒருநாள்கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. "அடுத்த வருசம் பாக்கலாம்" என்று நான்தான் சொல்லி வந்தேன்.

இப்போது எனக்கு எழுபத்தொன்று. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு மருத்துவர் பார்த்துச் சரி என்றால்தான் ஓட்டுநர் உரிமம் நீளும். கடைசியாகப் போனபோது கண்ணை இரண்டு முறை சோதித்தார். அடுத்த முறை என்ன சொல்வாரோ. பிள்ளைகள் தங்கள் காலில் நிற்கிறார்கள். சேமிப்பு இருக்கிறது. ஓட்ட இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன, அவ்வளவுதான். இருக்கிற வண்டிகளோ மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. கையால் கியர் போடும் சின்ன வேக வண்டியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

வினோத் போன மாதம் கூப்பிட்டான். என்னோடு வேலை பார்த்தவன், இப்போது அதே வொர்க்‌ஷாப்பில் மேலாளர்.

"அங்கிள், நீங்க கேட்டுக்கிட்டே இருந்தீங்கள்ல. ஒண்ணு வந்திருக்கு. டூ லிட்டர், டர்போ, மேனுவல். ஓனர் சிஓஇ ரினியூ பண்ணி ஓட்டியிருக்காரு, இன்னும் நாலு வருசம் இருக்கு. சில்வர் கிரே லா. சனிக்கிழமை வரைக்கும் ஹோல்ட் பண்றேன். அதுக்கு மேல முடியாது."

அன்று ஐந்து முறை கணக்குப் போட்டேன். சிஓஇ மீதம் நாலு ஆண்டு, என் உரிமத்துக்கு அதற்குள் ஒரு முறை மருத்துவரிடம் போக வேண்டும், வேகத்தடை ஏழு, சரிவில் உரசும் இடம் இரண்டு. நான் முணுமுணுத்ததையெல்லாம் கமலா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"எண்ணினது போதும். போய்ப் பாத்துட்டு வருவோம்" என்றாள். "நான் பின்னாடி உக்கார்றேன். அதுதானே உங்க ஹமீது அண்ணன் ரூலு?"

கமலாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. பேருந்தில் ஏறும்போது இடது காலை முதலில் வைத்து, வலதை இழுத்துக்கொள்வாள்.

வினோத் வண்டியைக் கழுவி வெளியே நிறுத்தியிருந்தான். நான் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். கதவைத் திறந்து மூடினேன். அந்தச் சத்தம் சரியாக இருந்தது. கமலா பின்னால் இடது பக்கம் ஏறினாள். நீலக் கூடை இன்னும் அங்கே இருந்தது. அவள் கைப்பையை அதில் போடச் சொல்லலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

பதினொரு தடைகளும் அப்படியே இருக்கின்றன. முதல் தடை. கண்ணாடியில் பார்த்தேன். அவள் இரண்டு கைகளும் மடியில், கைப்பையின் மேல். இரண்டாவது. வண்டி கட்டையாக ஏறி இறங்கியது. கை மடியில். மூன்று, நாலு. பை வாரை விரலில் சுற்றியிருந்தாள். ஐந்தாவது தடை கொஞ்சம் உயரம். அவள் உடம்பு முன்னால் போய் வந்தது. இடது கை பையிலிருந்து ஒரு சாண் எழும்பியது. நின்றது. திரும்பிப் பையின் மேல் உட்கார்ந்துகொண்டது.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். நான் கேட்கவில்லை.

சுற்றைப் பாதியில் விட்டு விரைவுச்சாலைக்குத் திருப்பினேன்; ஏற்றத்தில் மூன்றாவதுக்கு இறக்கினேன். என் கை அதை மறக்கவில்லை. முள் மூவாயிரத்துக்கு வந்தது. அங்கேயே பிடித்தேன். எஞ்சின் பாடியது, பின்னால் ஒன்றும் பாடவில்லை. வண்டி நன்றாக இருந்தது. நான் இதுவரை ஓட்டிய எண்பதாயிரத்தில் முதல் பத்துக்குள் இதை வைப்பேன். திரும்பும் வழியில் மீதித் தடைகளை மெதுவாகவே ஏறினேன். பதினொன்றாவதைத் தாண்டியபோது கணக்கு பூஜ்யம்.

வொர்க்‌ஷாப்பில் நிறுத்தியதும் கமலா உடனே இறங்கவில்லை. பையில் எதையோ தேடுவது போல இருந்தாள். வினோத் உள்ளே சாவிப் பதிவேடு எடுக்கத் திரும்பியதும்தான் கதவின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எப்படி அங்கிள்?" என்றான் வினோத் வந்து.

"வண்டியில ஒரு குறையும் இல்லப்பா. வேற யாருக்காவது குடுத்துடு."

பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். உட்கார்ந்ததும் கமலா ஆரம்பித்தாள்.

"ஏன் வேணாம்னீங்க? நான் ஒரு தடவகூடப் பிடிக்கலையே. நீங்க எண்ணிக்கிட்டுத்தானே வந்தீங்க?"

"எண்ணினேன்."

"எத்தன?"

"ஒண்ணுமில்ல."

"அப்புறம் என்ன?"

"அதான் வேணாம்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சாலையைப் பார்த்தாள். "நாலு வருசம்தானே. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்" என்றாள் மெதுவாக.

"தெரியும். நான் கண்ணாடியப் பாத்துக்கிட்டே ஓட்டணுமே."

பேருந்து வந்தது. புதியது, மின்சாரத்தில் ஓடுவது. அவள் இடது காலை வைத்து ஏறினாள். பின்பக்கம் இருவரும் சேர்ந்து உட்கார இடம் கிடைத்தது. வண்டி சத்தமில்லாமல் நகர்ந்தது. வெள்ளிச் சாம்பல் வண்டி வொர்க்‌ஷாப் வாசலில் நின்றதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பேருந்து திரும்பும்வரை தெரிந்தது. அதை வாங்குகிறவர் நல்ல கையாக இருக்க வேண்டும். மூன்றாவதில் மூவாயிரம்வரை விட்டு ஓட்டுகிறவராக இருக்க வேண்டும்.

புக்கிட் தீமா மேட்டில் ஏறும்போது கமலா கேட்டாள், "இப்ப எந்த கியரு?"

"இதுல கியரே கிடையாது."

"அப்ப வீட்டுக்குப் போறவரைக்கும் எதத்தான் எண்ணப் போறீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பேருந்து ஒரு திருப்பத்தில் சாய்ந்தது. அவள் கை தானாக எழுந்து, முன்னிருக்கையின் மேலிருந்த மஞ்சள் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"ஒண்ணு" என்றேன்.